சம்பந்தி கையிலிருந்து சொம்பைப் பிடுங்கிய கதை

ஒருவருக்குக் கொஞ்சம் படிப்பும் நிறையத் தன்னம்பிக்கையும் ஒரே சமயத்தில் வாய்த்துவிட்டால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு வாய்த் தண்ணீரைக்கூட நிம்மதியாகக் குடிக்க முடியாது. பொதுவாகத்தான் சொல்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்து இப்படி நடந்தது ஒரே ஓர் இடத்தில்தான். போடிநாயக்கனூரில், எங்கள் வீட்டில், என் அக்காவின் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது. அந்த ஒருவர் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. என்ன ஆராய்ச்சி என்று அந்தக் காலத்தில் யார் கேட்டாலும் நின்று விளக்குவேன் (கேட்டவர்கள் நிற்கமாட்டார்கள்). ஏலத்தோட்டத்தில் பூச்சிக்கு மருந்து அடிக்கிறார்கள். அது மழையில் கரைந்து ஓடையில் இறங்குகிறது. ஓடைத் தண்ணீரில் ஊசிமுனை அளவில் துள்ளித் துள்ளி நீந்துகிற சின்னஞ்சிறு பூச்சிகள் உண்டு. தண்ணீர்த் தெள்ளு என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் அதற்குக் கடைசிவரை 'பூச்சி' என்றுதான் பேர். மருந்து அதிகமானால் அவை உடனே செத்துப்போகும். அது சுலபமான கணக்கு. கொஞ்சூண்டு மருந்து கலந்த தண்ணீரிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும்? குட்டி போடுமா, போட்டால் பிழைக்குமா? அதுதான் கஷ்டமான கணக்கு. ஒவ்வொரு மருந்துக்கும் வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க முடியாது அல்லவா? அதனால், மருந்து தண்ணீரில் எவ்வளவு கரையும், எண்ணெயில் எவ்வளவு கரையும் என்பது போன்ற நாலைந்து எண்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, பூச்சியின் எதிர்காலத்தை முன்கூட்டியே சொல்லவைப்பதுதான் என் வேலை.

கம்ப்யூட்டர் என்றால் இப்போது மடியில் வைத்துக்கொள்கிறார்களே, அது இல்லை. ஒரு பெரிய குளிர்ந்த அறை முழுக்க அதுதான் இருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் பதில் வரும். பெரும்பாலும் அந்தப் பதில், நான் போட்ட ஓட்டை தப்பு என்பதுதான்.

அப்பா ஏலக்காய் வியாபாரி. வீட்டு முன்கட்டு முழுக்க மூட்டைகள். அவருக்கு என் ஆராய்ச்சியில் ஓர் எழுத்துகூடப் புரியாது. ஆனால் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தில் உட்கார்ந்து, "எஞ் சின்ன மக மிஷின்ல கணக்குப் போட்டு, பூச்சி என்னைக்குச் சாகும்னு மொதல்லயே சொல்லிரும்" என்பாராம். கேட்டவர்கள், "அப்படியே எந் தோட்டத்துப் பூச்சிக்கும் நாள் பாத்துச் சொல்லச் சொல்லுங்கண்ணே" என்பார்களாம். அதையும் அப்பா மெனக்கெட்டு என்னிடம் வந்து கேட்டார்.

மிஷின் சொன்னது சரிதானா என்று நிஜப் பூச்சிகளை வைத்தும் ஒரு தடவை பார்க்கவேண்டும். மூன்று வாரச் சோதனை. சோதனையின் நடுவே அக்கா கல்யாணம் வந்து நின்றது. பூச்சிகளை மதுரையில் விட்டுவர மனசில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றவேண்டும், லேசாகப் பாசி ஊட்டவேண்டும். அதனால் பாட்டில்களை ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, பழைய சேலையைச் சுற்றி, போடி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "பச்சப்புள்ளையாத்தா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

வீட்டில் சமையலறைக்குப் பக்கத்து அறைதான் குளுமை. அங்கே ஒரு பலகையில் பாட்டில்களை வரிசையாக வைத்து, வாயை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டினேன். வாசல் பக்கம் முதல் மூன்று பாட்டில் மருந்தே சேர்க்காத சுத்தத் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதற்கப்புறம் உள்ளே போகப்போக மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். மதுரையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோனதால் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். ஒவ்வொரு பாட்டிலிலும் 'தொடாதே' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினேன். அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதாவது எனக்கு நானே எச்சரிக்கை விடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பந்தக்கால் ஊன்றினார்கள். அன்று நானும் அம்மாவும் பத்திரிகை வைக்கச் சிலமலைக்குப் போய்விட்டோம். அப்பாவின் அக்கா, எங்கள் ராக்கம்மா அத்தை, வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். வந்தவர்களையெல்லாம் நன்றாகக் கவனித்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், அத்தனை பூச்சியும் அடியில் கிடக்கிறது. ஒன்றுகூடத் துள்ளவில்லை. மிஷின் என்ன சொல்லியிருந்தது? தாய்ப் பூச்சி நன்றாக இருக்கும், குட்டிகள்தான் மெதுவாகக் குறையும் என்று. இங்கே தாயும் இல்லை, குட்டியும் இல்லை. வரிசையில் ஒரு பாட்டில் குறைந்திருந்ததையும் கவனித்தேன். கல்யாண வீட்டில் பாட்டில் காணாமல் போவதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்று விட்டுவிட்டேன்.

ஓட்டமாகப் போய்த் தபாலாபீசில் என் பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டேன். வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தது.

"சார், எல்லாம் செத்துப்போச்சு சார்!"

"மருந்து போடாத பாட்டில் எப்படி இருக்கு?"

"அதுலயும் செத்துப்போச்சு சார்."

"அப்படியா? ஏதாவது வாசம் வருதா பாத்தியா?"

"நல்லா மோந்து பாத்துட்டேன் சார். ஒரு வாசமும் இல்ல."

"அப்படின்னா தண்ணியிலதாம்மா ஏதோ…"

லைன் அறுந்துவிட்டது. தண்ணீரில் யாரோ ஏதோ கலந்திருப்பார்கள், முதலில் வீட்டில் கேள் என்று அவர் முடித்திருப்பார். நல்ல மனுஷர். ஆனால் எனக்கு அந்தப் பாதி வாக்கியமே போதுமாக இருந்தது. மருந்து போடாத பாட்டிலிலும் பூச்சி சாகிறதென்றால் விஷம் கிணற்றில் இருக்கிறது! மலையில் அடித்த மருந்தெல்லாம் மண்ணுக்குள் இறங்கி எங்கள் கிணற்றுக்கே வந்துவிட்டது! தபாலாபீசிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நான் ஊரைக் காப்பாற்றிய பெண்ணாகிவிட்டேன்.

கிணற்றடியில் தெருப்பெண்கள் குடத்தோடு நின்றார்கள். சமையல்காரர் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரும் இந்தத் தண்ணியத் தொடாதீங்க! இதுல விஷம் இருக்கு!" என்று கத்தினேன்.

ஒரு பெண் கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டாள். சமையல்காரர் அப்பாவைப் பார்த்தார். "மொதலாளி, நேத்துலருந்து இந்தத் தண்ணியத்தான குடிச்சுக்கிட்டு இருக்கோம்?"

"உடனே ஒண்ணும் தெரியாது. வாரக்கணக்குல ஆகும்" என்றேன். அந்த மனிதர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை.

அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம், நாலு நாளில் ஊரே சாப்பிட வருகிறது, கிணறோ ஒன்றே ஒன்று. நான் சொன்னேன் என்ற ஒரே காரணத்துக்காக, அவரே தகரத்தை இழுத்துப்போட்டுக் கிணற்றை மூடி, மேலே கல்லை வைத்தார். "எம் மக படிச்சுட்டுச் சொல்லுது. பெறகென்ன?" என்றார்.

கிணற்றை மூடிவிட்டோம். ஊர் வாயை மூட எந்தத் தகரமும் இல்லை. காலைப் பஸ்சில் செய்தி ஏறி உட்கார்ந்துகொண்டது. போடியில் ஏறும்போது 'கல்யாண வீட்டுக் கிணத்துல விஷம்' என்றிருந்தது. சிலமலையில் 'கல்யாண வீட்டுல யாரோ விஷம் வச்சுட்டாக' என்று ஆனது. தேவாரத்தில் இறங்கும்போது, 'மாப்பிள்ளையப் பிடிக்காம பொண்ணு விஷத்தக் குடிச்சுருச்சு' என்று முழுசாக வளர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு தேவாரத்தில்.

அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பவே பிடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப்பற்றி இப்படி ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், பொய் என்று தெரிந்த பிறகும் அது ஒட்டிக்கொண்டேயிருக்கும். கல்யாணம் நின்றுவிட்டால் அப்புறம் யார் வந்து கேட்பார்கள்? அவளோ ஒன்றும் அறியாமல், மத்தியானச் சாப்பாடு முடித்து, இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு கூடத்தில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஜீப்பு வந்து நின்றது. முதலில் இறங்கி ஓடிவந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. கூடத்தில் அசையாமல் கிடக்கும் மருமகளைப் பார்த்ததும், "அய்யோ, எஞ் சாமி, போயிட்டியா!" என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார். பின்னால் வந்த பெண்கள் எதையும் விசாரிக்காமல் ஒப்பாரியில் சேர்ந்துகொண்டார்கள். அக்கா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, மருதாணிக் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, "யாரு? யாரு செத்தா?" என்று கேட்டாள்.

ஒப்பாரி பாதியில் நின்றது. மாப்பிள்ளை வாசல்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார்; அக்கா குரல் கேட்டதும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். (அந்த அழுகையை அக்கா பார்த்துவிட்டாள். இன்றைக்கும் அவர் ஏதாவது சத்தம் போட்டால் அதை எடுத்துவிடுவாள்.)

இதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அப்பா கையைப் பிசைந்துகொண்டு கிணற்று விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்தில் மூச்சு விடுவது மாதிரி; யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. அம்மா பழக்கத்தில் பித்தளைக் குடத்திலிருந்து சொம்பு நிறைய மொண்டு, மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டிவிட்டார். அவரும் வாங்கி அண்ணாந்துவிட்டார்.

நான் பாய்ந்தேன். "குடிக்காதீங்க மாமா!" என்று கத்தி, சம்பந்தி கையிலிருந்து சொம்பைப் பிடுங்கிவிட்டேன். பாதித் தண்ணீர் அவர் மீசையிலும் சட்டையிலும் கொட்டியது.

வாய்க்குப் போன தண்ணீரைப் பிடுங்குவது என்றால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்வதைவிடக் கேவலம். மாப்பிள்ளையின் தாய்மாமன், ஜீப்பில் வரும்போதே கோபத்தோடு வந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எந்திரிங்க மச்சான். வந்தவுக தண்ணியத் தட்டிப் பறிக்கிற வீட்டுல நமக்கென்ன சோலி? ஊரே சிரிச்சது பத்தாதா? கெளம்புங்க."

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்திருக்கவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏத்தா, தண்ணியில என்னமோன்னு சொல்றியே, அது என்னைக்கிருந்து?"

"நேத்தைக்கு… வெள்ளிக்கிழமையே செத்திருக்கணும் மாமா. பூச்சியெல்லாம்."

"வெள்ளிக்கிழம பந்தக்காலுக்கு நான் இங்கதான இருந்தேன். இந்தப் பக்கத்து ரூமுல துணி கட்டி வரிசையா வச்சிருந்தீகளே, அதுல வாசப்பக்கத்துப் பாட்டில எடுத்து முழுசாக் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே? அது என்னா தண்ணி, சம்பந்தி! ஏலக்கா மணம் மூக்கத் தொளச்சுச்சு. வீட்டுக்குப் போயும் இவகிட்டச் சொன்னேனே."

ஏலக்காய் மணமா?

சமையலறையிலிருந்து ராக்கம்மா அத்தையின் குரல் சந்தோஷமாக வந்தது. "நான்தேன் ஊத்தினேன்! ஏலத்தோல நல்லாக் கொதிக்கவச்சு வடிகட்டி, பாட்டிலுக்கு ஒரு கரண்டி. சம்பந்தி வீட்டுக்கு வெறுந்தண்ணியவா குடுக்கிறது? இந்தப் புள்ள தண்ணியப் பிடிச்சு வச்சுட்டு அப்படியே போயிருச்சு. சோலி கெடக்கு, கவனமே இல்ல."

நான் பக்கத்து அறைக்கு ஓடி ஒரு பாட்டிலை எடுத்து வந்தேன். அத்தைக்குத்தான் கண் மங்கல், பூச்சி தெரியவில்லை. எனக்கு என்ன கேடு? மூக்கு இருந்ததே! ஏலக்காய் மூட்டைக்கு நடுவில் பிறந்து, ஏலக்காய் மூட்டைமேல் ஏறி விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வாசம் எங்களுக்கு வாசமே இல்லை, காற்று. வீட்டில் எத்தனை பேர் அந்தப் பாட்டிலை மோந்து பார்த்தார்கள்! ஒருவருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வாங்கி ஒரு தடவை மோந்தார். "பாயாசம் கணக்கால்ல மணக்குது" என்றார்.

எனக்கு அப்போதுதான் வேறொன்று உறைத்தது. மாமா குடித்தது எந்தப் பாட்டில்? வாசல்பக்கம்… முதல் பாட்டில். மருந்து போடாதது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்த்தா உக்காந்துட்ட?"

"ஒண்ணுமில்ல மாமா. நீங்க குடிச்சது சுத்தத் தண்ணிதான். அதுல… பூச்சி மட்டும்தான் இருந்துச்சு."

"பூச்சியா?"

"சின்னப் பூச்சி மாமா. கண்ணுக்கே தெரியாது."

"உசுரோடவா?"

"அத்தை ஊத்துறவரைக்கும் உசுரோடதான் இருந்துச்சு."

தாய்மாமன் வாசலில் ஒரு கால், கூடத்தில் ஒரு கால் என்று நின்றார். அப்பா கூப்பிய கையை இறக்கவில்லை.

"அடிப்பாவி மகளே," என்றார் மாமா, "நான் வெள்ளிக்கிழம கவுச்சி தொடமாட்டேனே!"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள். பெரிய வயிறு, அது தனியாகக் குலுங்கியது. அவர் சிரித்ததும் அவர் சம்சாரம் சிரித்தார், ஒப்பாரி வைத்த பெண்கள் சிரித்தார்கள், தாய்மாமன்கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். மாமா கையை நீட்டினார். "அந்தச் சொம்பக் கொண்டாத்தா." நான் கொடுத்தேன். மீதி இருந்த தண்ணீரை, எல்லாரும் பார்க்க, நிதானமாக, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "கைய எறக்குங்க சம்பந்தி. வெரசாக் கெணத்தத் தொறக்கச் சொல்லுங்க, சோறு பொங்கணும்ல" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொம்புத் தண்ணீரில் என் அக்காவின் வாழ்க்கை நிலைத்தது. அவர் நினைத்திருந்தால் எழுந்து போயிருக்கலாம்; ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். எத்தனையோ நல்லவர்களைப் பார்த்துவிட்டேன், ஆனால் நன்றி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஈர மீசைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தியில் பாயாசம் ஊற்றும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக இலையை உற்றுப் பார்த்துவிட்டு, "பூச்சி இருக்காம்மா? இல்லாட்டி இன்னும் ரெண்டு கரண்டி விடு" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் போய்ப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒளிந்துகொண்டேன்.

அப்புறம் மதுரையில் மூன்று வாரமும் பூச்சிகளைவிட்டு நகராமல் மறுபடியும் சோதனை செய்தேன். மிஷின் சொன்ன மாதிரியே தாய்கள் நன்றாக இருந்தன; குட்டிகள்தான் குறைந்தன. ஆராய்ச்சி முடிந்து, எல்லார் முன்னாலும் வாய்மொழித் தேர்வு நடந்தபோது, தேவாரத்திலிருந்து மாமா பஸ்சு பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். என் அப்பாவுக்குக்கூட வெட்கம், பின்னால் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று மரியாதைக்குக் கேட்டார். மாமா எழுந்தார்.

"இந்தப் புள்ள போட்ட கணக்குல ஏலக்காத் தண்ணியச் சேத்தாச்சா?"

என் பேராசிரியர் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் தேர்வாளர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி, தாவரத்திலிருந்து வரும் எண்ணெய்களையும் ஏன் பார்க்கவில்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் அதையும் செய்தேன். ஏலக்காய் எண்ணெய்க்குரிய எண்களை மிஷினில் கொடுத்தால், அதுவும் பூச்சிக்கு ஆகாது என்றே வந்தது. அதிலிருந்துதான் எனக்கு அடுத்த ஆராய்ச்சியும், அதற்கப்புறம் வேலையும் கிடைத்தது. ஆக, இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறும் மாமா போட்டதுதான்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யார் எதை ரொம்ப உறுதியாகச் சொன்னாலும் இந்தக் கேள்விதான் வரும். ஜோசியர் நாள் குறித்தாலும் கேட்பார்கள். வானொலியில் மழை வரும் என்றாலும் கேட்பார்கள். என் மகன் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன் என்று வந்து நின்றபோது, அக்கா தேவாரத்திலிருந்து போன் போட்டு, "ஏலக்காத் தண்ணியச் சேத்தியாடா?" என்று கேட்டாள்.

வயசான காலத்தில் மாமா வழுக்கி விழுந்துவிட்டார். தேனியில் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே படத்தையெல்லாம் பார்த்த இளம் டாக்டர், இனிமேல் எழுந்து நடப்பது கஷ்டம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மாமா படுத்தபடியே, "தம்பி, ஏலக்காத் தண்ணியச் சேத்துக் கணக்குப் பாத்தீகளா?" என்றார். டாக்டர், மனுஷருக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று எங்களைப் பார்த்தார். நானும் அக்காவும் கட்டிலின் இரண்டு பக்கமும், அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் நின்றோம்.

மாமா நடந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு, தோட்டம் வரைக்கும் நடந்தார். நான் பார்க்கப் போயிருந்தபோது, "பாத்தீங்களா மாமா, டாக்டர் கணக்கும் என் மிஷின் மாதிரியே தப்பாப் போச்சு" என்றேன்.

"மிஷின் தப்பாச் சொல்லலத்தா," என்றார், "உங்க ராக்கம்மா அத்தை கரண்டிதேன் பெருசு."